அக்காவின் அஞ்சல்: பொங்கோலில் படிப்பு, செங்காங்கில் அறை



இந்த இதழில் மாங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி என்று எழுதுவதாகச் சென்ற முறை சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும். ஒரு கடிதம் வந்து என் திட்டத்தையே மாற்றிவிட்டது.

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத் தாளில், கையெழுத்தில், முழுசாக நான்கு பக்கம். அவர் மருந்து தெளிக்கிற வேலை. கணவர் குலை வெட்டுகிறவர். மூத்த மகளுக்குச் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. "கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் அழுதேன் அக்கா, மறுநாள் வாடகையைக் கேட்டுவிட்டு அழுதேன்" என்று எழுதியிருந்தார். தகப்பனார், பெண் பிள்ளையைக் கண்காணாத ஊரில் விடமாட்டேன் என்கிறார். ஈசூனில் இருக்கும் மாமா, என் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். இதற்கு நடுவில் கைப்பேசியில் யாரோ ஒருவர், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே மலிவாக அறை இருக்கிறது, 500 வெள்ளி அனுப்பினால் பிடித்து வைக்கிறேன் என்கிறாராம். "நீங்கள் செங்காங்கில்தானே குடியிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று முடித்திருந்தார்.

அந்த 500 வெள்ளிக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது. அன்றைக்கே கூப்பிட்டு, ஒரு காசும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றதை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். இன்று அவர் பிள்ளை. நாளை உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

நான் ஏன் அப்படிப் பதறினேன் தெரியுமா? 1979-இல் நானும் ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து தொழிற்சாலை வேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்தவள்தான். அங் மோ கியோவில் ஓர் அறை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நம் ஆள், நம் மொழி, நெற்றியில் திருநீறு வேறு. அம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்த 80 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்க வெட்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அதே அறைக்கு என்னைப் போலவே மூன்று பெண்கள் பெட்டியோடு நிற்கிறார்கள்! கதவைத் திறந்த அம்மாளுக்கு அந்த மனிதர் யார் என்றே தெரியவில்லை. அன்றிரவு கூட வேலை செய்த ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். கம்மல் மூழ்கிப் போனது. அம்மா கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை; அதுதான் இன்றும் குத்துகிறது.

சரி, காரியத்துக்கு வருவோம்.

சிங்கப்பூரில் பல்கலைக்கழகங்கள் ஊருக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகம் மேற்கே கெண்ட் ரிட்ஜில். நன்யாங் இன்னும் மேற்கே ஜூரோங் பக்கம். நிர்வாகப் பல்கலைக்கழகம் நகரின் நடுவே, தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் கிழக்கே சாங்கிப் பக்கம். "சிங்கப்பூர்தானே, சின்ன ஊர்தானே" என்று ஒரு மூலையில் அறை எடுத்துவிட்டு மறு மூலைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். போக வர மூன்று மணி நேரம். தூங்குவதே ரயிலில்தான்.

நம் பிள்ளைக்கு இடம் கிடைத்த தொழில்நுட்பக் கழகம் 2014-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆனது. வெகு காலம் டோவரிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வளாகங்களுக்குள்ளும் பிரிந்து இருந்துவிட்டு, 2024-இல் பொங்கோலில் சொந்த வளாகத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி வளாகத்துக்குப் பக்கத்திலேயே பொங்கோல் கோஸ்ட் ரயில் நிலையமும் திறந்தார்கள். வடகிழக்குப் பாதையின் கடைசி நிலையம் அது. அதற்கு முந்தியது பொங்கோல். அதற்கும் முந்தியது எங்கள் செங்காங். இரண்டே நிறுத்தம்! எதிர்த் திசையில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. ரயில் மாறாமலே போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வந்துவிடலாம். வளாகத்துக்கு எதிரே அறை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் புது இடம் என்றால் வாடகையும் புதிதாகத்தான் இருக்கும். இரண்டு நிறுத்தம் தள்ளிப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

செங்காங் என்றால் சீனத்தில் வளமான துறைமுகம் என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே மீனவர் கிராமமும், மிளகு, அன்னாசி, ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. ஆமாம், ரப்பர்தான்! பால்மரத்தின் கதையே இந்தத் தீவில்தானே தொடங்கியது? 1877-இல் இங்குள்ள பூமலைக்கு வந்த நாற்றுகள். 1888-இல் அதன் பொறுப்புக்கு வந்த ரிட்லி துரை மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகுதான் மலாயாக் காடெல்லாம் தோட்டமாயிற்று, நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறினார்கள். இப்போது செங்காங்கில் ஒரு பால்மரம்கூட என் கண்ணில் பட்டதில்லை. எங்கும் அடுக்குமாடி வீடுகள். அவற்றுக்கு நடுவே ஓட்டுநர் இல்லாமல் ஓடும் எல்ஆர்டி ரயில், கிழக்கே ஒரு வட்டம், மேற்கே ஒரு வட்டம். மேற்கு வட்டத்தில் ஒரு நிலையத்தின் பெயர் தங்கம்! முதன்முதலில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இனிப் பணக் கணக்கு. மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் அறைக்கு மாதம் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஆக 2,700 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினார்களே, அது 1,700 ரிங்கிட். அதாவது, வெயிலில் ஒரு மாதம் முதுகில் மருந்துத் தொட்டி சுமந்து ஒரு தாய் சம்பாதிப்பது, மகளின் அறை வாடகையில் பதினேழு பதினெட்டு நாளைக்குத்தான் காணும். இதைச் சொல்லாமல், "படிப்புக்காக எதையும் செய்யலாம்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே தனி அறை என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு பெண்கள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் பாதிப் பாதி. அல்லது நான்கைந்து மாணவிகள் சேர்ந்து ஒரு முழு வீட்டையே எடுக்கலாம். தலைக்குக் கணக்குப் பார்த்தால் சில சமயம் அதுவே குறைவாக வரும். இங்கே மலேசியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடுவதில் வெளிநாட்டவருக்கு ஒரு பேட்டைக்கு 8 விழுக்காடு, ஒரு புளோக்கிற்கு 11 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மலேசியர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. ஒரு ஏஜண்டு "கோட்டா முடிந்துவிட்டது" என்று சொன்னால், எங்கள் பிள்ளை மலேசியப் பிரஜை என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவர் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கட்டண மானியத்தை வாங்கிப் படித்தால், படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே இது மூன்று நான்கு வருடக் கதை அல்ல. ஆறேழு வருடக் கதை. முதல் அறை சரியாக அமையாவிட்டால் பிள்ளை வீடு வீடாகப் பெட்டி தூக்கியே களைத்துப் போகும்.

முதலில் பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவைக் கேட்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் விடுதி வசதி தாராளமாக உண்டு. நன்யாங்கில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட விடுதிகள். விடுதி கிடைக்கும் என்றால் நான் எழுதுவது எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால்தான் வெளியே தேட வேண்டும்.

வெளியே தேடும்போது சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வீவக வீட்டை, அறையாக இருந்தாலும் முழு வீடாக இருந்தாலும், ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். "மாதா மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் வீவக அறையைக் காட்டினால் அவர் விதியை மீறுகிறார் என்று அர்த்தம். நாளைக்குப் பிரச்சினை என்றால் பிள்ளையும் அதில் மாட்டிக்கொள்ளும். அறையை வாடகைக்கு விடும் சொந்தக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடக் கழகத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. வாடகைக்கு இருப்பவர் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடவே கூடாது. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். "நான்தான் வீட்டுக்காரன்" என்பவர் உண்மையில் குடித்தனக்காரராக இருப்பார். சொந்தக்காரர் வந்தால் எல்லாரும் தெருவில்.

கூடத்தில் பலகை வைத்துத் தடுத்து அதையும் ஓர் அறை என்பார்கள். அதுவும் கூடாது. வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். மூன்றறை வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருக்க முடியாது. நான்கறையும் அதற்கு மேலும் என்றால், 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டுப் பேர் வரை அனுமதித்திருக்கிறார்கள். லயத்தில் எட்டுப் பேர் இருந்தோமே என்று நினைக்காதீர்கள். அது நம் குடும்பம். இங்கே முகம் தெரியாத எட்டுப் பேருக்கு இரண்டு குளியலறை.

ஏஜண்டுகளைப் பற்றி. இங்கே 2010-இல் சொத்து முகவர் மன்றம் என்று ஒன்று அமைத்து, பதிவு பெற்றவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மோசக்காரன் உண்மையான ஏஜண்டின் பெயரையும் எண்ணையும் படத்தையும் திருடி வைத்துக்கொண்டு பேசுவான். பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிட்டு, "இந்த அறையை நீங்கள்தான் காட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். நான் எழுதிய அந்தத் தாயின் மகள் அப்படித்தான் கூப்பிட்டாள். எடுத்த பெண்மணிக்கு அந்த அறையைப் பற்றி ஒன்றுமே தெரியாது! அவர் பெயரைச் சொல்லித்தான் யாரோ 500 வெள்ளி கேட்டிருக்கிறான்.

முக்கியமான ஒரு விதி: வீவக வீட்டு வாடகை விஷயத்தில் ஏஜண்டு பணத்தைக் கையால் தொடவே கூடாது. முன்பணமும் வாடகையும் நேரே சொந்தக்காரருக்குத்தான் போக வேண்டும். "என்னிடம் கொடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல் இரண்டு பக்கமும் ஒருவரே கமிஷன் வாங்குவதும் தடை. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பச் சொல்கிறவன் பெரிய மனிதனாகவே இருந்தாலும் அனுப்பாதீர்கள். சந்தேகமாக இருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். மோசடி விசாரிப்புக்கென்றே வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வந்திறங்கினார்கள். மூவருமாக நான்கு அறைகள் பார்த்தோம்.

முதல் அறை நான் மேலே சொன்ன பலகைத் தடுப்புதான். மூச்சு விடக்கூடக் காற்று இல்லை. இரண்டாவது, ஆங்கர்வேல் பக்கம், நல்ல வெளிச்சம், வாடகையும் குறைவு. ஆனால் அறைக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. கேட்டால், "எங்கள் வீட்டில் யாரும் பூட்டுவதில்லை" என்றார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். இருந்தாலும் தாழ்ப்பாள் போட ஒப்புக்கொள்ளாத வீட்டில் ஒரு பெண் பிள்ளையை விட எனக்கு மனம் வரவில்லை. வந்துவிட்டோம்.

மூன்றாவதில், கழகத்தின் அனுமதியைக் கேட்டதும் அந்த இளைஞர் திருதிருவென்று விழித்தார். அவரே வாடகைக்கு இருப்பவர்.

நான்காவது கம்பஸ்வேல் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கம். கதவைத் திறந்தவர் ஒரு சீனப் பாட்டி. மகன் கட்டிக் கொடுத்துப் போய்விட்டான், வீட்டில் அவரும் ஒரு பேத்தியும்தான். ஏற்கெனவே ஒரு மலேசியப் பெண் ஓர் அறையில் இருக்கிறாள், அவளோடு பகிர்ந்துகொள்ள இன்னொரு பெண் வேண்டும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டி மெல்ல மலாயில் கேட்டார்: "கறி சமைப்பீர்களா?"

தாயின் முகம் வாடிவிட்டது. எங்களுக்கெல்லாம் பழகிய கேள்விதான் இது. "இந்தியர் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே விளம்பரம் போட்ட காலமும் உண்டு. இப்போது அப்படி இன, மத வேற்றுமை காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று ஏஜண்டுகளுக்கு மன்றம் சொல்லியிருக்கிறது. விளம்பரத்தில் எழுதாமல் இருக்கலாம், மனத்தில் எழுதியிருப்பதை யார் அழிப்பது? "லேசான சமையல்" என்பார்கள். அதற்கு அர்த்தம் மேகி மீயும் முட்டையும். 2011 ஆகஸ்டில் ஒரு செய்தி வெளியாகிப் பெரிய பரபரப்பாயிற்று, சிலருக்கு நினைவிருக்கலாம். கறி வாசனை பிடிக்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்த குடும்பம் முறையிட, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாகப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமரச மையத்தில் ஒப்புக்கொண்டதாம். அதைப் படித்துவிட்டுச் சிங்கப்பூர்ச் சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று பல்லாயிரம் பேர் சேர்ந்து, அம்மாதம் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு கறி சமைப்போம் என்று கிளம்பிவிட்டார்கள்! ஊர் முழுக்க மசாலா வாசனை.

இருந்தாலும் ஒரு நாள் ஆதரவு வேறு, ஒரே அடுப்பில் வருடம் முழுக்கச் சமைப்பது வேறு. ஆகவே இதை மறைக்காமல் முதல் நாளே பேசிவிட வேண்டும் என்பதே என் கட்சி. "சமைக்க மாட்டேன்" என்று பொய் சொல்லி நுழைந்துவிட்டு, ஒளித்து ஒளித்து ரசம் வைக்கிற பிள்ளைகள் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. நாள்தோறும் வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொள்ளும் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

"சமைப்போம், பாட்டி. வாரத்தில் இரண்டு மூன்று நாள். மீன் கறி கொஞ்சம் வாசனையாக இருக்கும்" என்று அந்தப் பெண்ணே பதில் சொன்னாள். பாட்டி யோசித்தார். "சன்னலைத் திறந்து வைத்துக்கொள். ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம், எனக்குத் தூக்கம்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்! சாமி படம் வைக்கலாம், விளக்கு வேண்டாம், தீ பயம் என்றார். அதுவும் நியாயம்தான். கோயிலுக்குப் போக வேண்டுமானால் ரிவர்வேல் கிரெசண்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கவே இருக்கிறது.

உடனே கைகொடுத்துவிடவில்லை. கீழே இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு நிலையத்திலிருந்து அந்தப் புளோக்குக்கு மறுபடி நடந்தோம். இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பகலில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். விளக்கு எங்கே எரிகிறது, கீழ்த்தளத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மின்தூக்கியில் தனியாக ஏற மனம் ஒப்புகிறதா என்று இரவில்தான் தெரியும். வழியில் இரண்டு மூதாட்டிகள் விசிறியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவர், அங்கேதான் விட்டார்.

மாமா வீட்டு விஷயத்தை அவர் அப்போதுதான் எடுத்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள், மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். உறவினர் வீட்டில் வாடகை இல்லை. ஆனால் எத்தனையோ பெண்கள் அந்த வாடகையைப் பாத்திரம் துலக்கியும், குழந்தை பார்த்தும், பரீட்சைக்கு முதல் நாள் விருந்தாளிக்குச் சமைத்தும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஏதாவது தப்பு நடந்தாலும் வெளியே சொல்ல வாய் வராது. "குடும்பம் பிரிந்துவிடும்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். எல்லா மாமாவும் அப்படி இல்லை. நல்ல மாமா, நல்ல அத்தை என்றால் பாக்கியம்தான். அப்போதும் மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பிள்ளைக்கென்று ஒரு மேசையும் பூட்டும் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விடுங்கள். பாருவிலிருந்தே தினமும் போய் வரலாமே என்பவர்களுக்கு: பாலத்து நெரிசலில் விடியுமுன் நின்று பழகியவர்கள் இருக்கிறார்கள், வேலைக்கு. படிப்புக்கு அது ஒத்துவராது.

மறு வாரம் பத்திரம் எழுதினோம். ஒரு வருடத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். குளிர்சாதனத்துக்கும் தண்ணீர், மின்சாரத்துக்கும் எவ்வளவு, துணி துவைக்க என்றைக்கு, தாய் வந்தால் ஓரிரவு தங்கலாமா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் போடச் சொன்னேன். ஏற்கெனவே சுவரில் இருந்த கறையையும் உடைந்த இழுப்பறையையும் அந்தப் பெண் படம் பிடித்துப் பாட்டியின் பேத்திக்கே அனுப்பி வைத்தாள். கெட்டிக்காரி.

பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்திட்ட பதினான்கு நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கட்ட வேண்டும். பெரும்பாலும் வாடகைக்கு வருபவர்தான் கட்டுவார். நான்கு வருடத்துக்கு உட்பட்ட பத்திரத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 450 வெள்ளி என்றால் வருடம் 5,400. தீர்வை 21 வெள்ளி. இந்த 21 வெள்ளியை மிச்சம் பிடித்தால், நாளை வழக்கென்று போகும்போது அந்தப் பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். தீர்வை கட்டியிருந்தால், முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கு உட்பட்ட குடியிருப்பு வாடகை வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். 20,000 வெள்ளி வரை. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. அவரவர் வாயால் அவரவர் நியாயத்தைச் சொல்ல வேண்டியதுதான். 1979-இல் எனக்கு இப்படி ஒரு வாசல் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரசீதுதான் இல்லையே.

பிள்ளையின் மாணவர் அனுமதியைப் பாட்டியின் பேத்தி வாங்கிச் சரிபார்த்தாள். கடப்பிதழைக் கேட்கிறார்களே என்று பயப்படாதீர்கள். தங்க அனுமதி உள்ளவர்தானா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடப்பிதழைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு தாய் தோட்டத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அறை, வாடகை, பாட்டி, மீன் கறி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் தகப்பனார் வெகு நேரம் பேசவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாய் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இருக்குங்க, உள்ளேயும் தாழ்ப்பாள் இருக்கு, வெளியேயும் பூட்டு இருக்கு, நானே போட்டுப் பார்த்தேன்" என்றார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு அவரே லோரியில் மகளைக் கொண்டுவந்து விடப் போகிறாராம். கூடவே ஒரு குலை வாழைப்பழம் பாட்டிக்கு.

ஊறுகாய் அடுத்த இதழில் நிச்சயம். ஜாடியை மட்டும் இப்போதே நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா